ஐந்து வருஷம் கழித்துத் தப்பென்று தெரிந்தால்?

காரைக்குடியிலிருந்து நண்பரின் மகள் போன் செய்தாள். எம்.எஸ்ஸி. கணிதம் முடித்திருக்கிறாள்.

''மாடலிங் அண்ட் சிமுலேஷன்ல பிஹெச்.டி. பண்ணணும் மாமா. என்னென்ன வேணும்?''

பி.காம். படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால், பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அதை ஏன் கெடுப்பானேன் என்று நாலு பேரிடம் விசாரித்துச் சொன்னேன்.

மாடலிங் என்றதும் ராம்ப் வாக்கை நினைத்துக்கொள்ளாதீர்கள். பாலம் துருப்பிடிப்பது, பேட்டரி சூடாவது, காய்ச்சல் பரவுவது... நிஜத்தில் நடப்பதைச் சமன்பாடுகளாக எழுதினால் அது மாடல். அதைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, 'இப்படிச் செய்தால் என்ன ஆகும்?' என்று பார்ப்பது சிமுலேஷன். புனே பல்கலைக்கழகத்தில் இரண்டையும் பெயரிலேயே வைத்திருக்கும் ஒரு துறை உண்டு. மற்ற இடங்களில் பெரும்பாலும் கணிதம், இயற்பியல், மெக்கானிக்கல் என்று ஏதாவது ஒரு துறையின் பெயரில் பதிவு செய்துகொண்டு இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

யு.ஜி.சி.யின் 2022 விதிகள் இருக்கின்றன. முதுகலையில் 55 சதவிகிதம், நுழைவுத் தேர்வு, நேர்முகம், குறைந்தது 12 கிரெடிட் வகுப்புகள், அதற்குள் ஆராய்ச்சி நெறிமுறை என்று ஒரு பாடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கமிட்டி முன்னால் நின்று 'இவ்வளவு செய்தேன்' என்று சொல்ல வேண்டும். குறைந்தது மூன்று வருஷம். எழுதிய ஆய்வேடு காப்பியா என்று சாஃப்ட்வேர் சோதிக்கும். வெளியாட்கள் இரண்டு பேர் படிப்பார்கள். கடைசியில் எல்லோர் முன்னிலையிலும் வாய்மொழித் தேர்வு. 2016 விதிகளில் ஜர்னல் கட்டுரை ஒன்றாவது கட்டாயம் என்று இருந்தது. 2022-ல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பல இடங்களில் எதிர்பார்க்கிறார்கள்.

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். நான் போனை வைக்கப் போகும்போது கேட்டாள்:

''மாமா, அஞ்சு வருஷம் உக்காந்து செஞ்சு, கடைசியில என் மாடலே தப்புன்னு தெரிஞ்சா... பட்டம் குடுப்பாங்களா?''

விதிப் புத்தகத்தில் 'ஆராய்ச்சி ஜெயித்தே ஆக வேண்டும்' என்று ஒரு வரியும் இல்லை. ஆனால், அவள் கேட்டது அதுவல்ல என்று எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்த கணக்கிலிருந்து வருகிறேன். பி.காம். முதல் வருஷத்தில் ட்ரையல் பேலன்ஸ் சொல்லித் தருவார்கள். பற்றும் வரவும் பைசா பிசகாமல் ஒத்துப்போனால் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், பரீட்சை ஹாலிலேயே விசிலடிக்கத் தோன்றும். அடுத்த வகுப்பிலேயே வாத்தியார் அதில் தண்ணீரை ஊற்றுவார். டேலி ஆனதால் கணக்கு உண்மை என்று அர்த்தமில்லை. ஒரு பில்லை எழுதவே இல்லை என்றாலும் டேலி ஆகும். இரண்டு தப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டாலும் டேலி ஆகும். பேரேடு எழுதிப் பழகிய செட்டிநாட்டில் இதைப் போய் நான் சொல்ல வேண்டியதில்லை.

மாடல் ஆராய்ச்சியிலும் இதே இரண்டு சோதனைகள்தான். கணக்கைச் சரியாகப் போட்டாயா என்பது ஒன்று. சரியான கணக்கைத்தான் போட்டாயா என்பது இன்னொன்று. முதலாவதை நாற்காலியில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். இரண்டாவதற்கு வெளியே போய் நிஜத்தைப் பார்க்க வேண்டும்.

காரைக்குடியிலேயே அதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. சிக்ரி என்று ஊர்க்காரர்கள் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். இவர்களுக்கு மண்டபத்தில் ஒரு நிலையம் உண்டு. அங்கே இரும்புத் தகடுகளைக் கடல் காற்றில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். மாதக் கணக்கில், வருஷக் கணக்கில். பிறகு எடுத்து, துருவை நீக்கி, எடை எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். பாம்பன் பக்கம் உப்புக் காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று சொல்லவே வேண்டாம். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் அந்தக் காற்றோடு மல்லுக்கட்டித்தான் 2022 வரை ரயிலைச் சுமந்தது.

துருவுக்கு ஒரு பிரபலமான மாடல் இருக்கிறது. இரண்டே எண்கள். முதல் வருஷம் எவ்வளவு அரிக்கும் என்பது ஒன்று. வருஷம் போகப்போக அந்த வேகம் எப்படி மட்டுப்படும் என்பது இன்னொன்று. கம்ப்யூட்டர் இருபது வருஷத் துருவை ஒரு நொடியில் சொல்லிவிடும். அது சரியா என்று தெரிய, தகடு இருபது வருஷம் வெயிலில் கிடக்க வேண்டும்.

ஆராய்ச்சி மாணவருக்கு அவ்வளவு நாள் ஏது? அங்கேதான் சபலம் வருகிறது. ஒத்துவராத அளவீட்டை 'கருவிக் கோளாறு' என்று தள்ளிவிடலாம். மாடலில் இன்னொரு எண்ணைச் சேர்க்கலாம். உப்பைக் கூட்டி, புளியைக் குறைத்து, கோடு புள்ளிகள் மேல் அழகாக உட்காரும் வரை திருகிக்கொண்டே இருக்கலாம். இதில் காப்பி கிடையாது, திருட்டு கிடையாது. எந்த சாஃப்ட்வேரும் பிடிக்காது.

1953-ல் நடந்த ஒரு சம்பவம். ஃப்ரீமன் டைசன் அப்போது கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். (அவர் கடைசி வரை பிஹெச்.டி. வாங்கவில்லை என்பது வேறு கதை.) அவரும் மாணவர்களும் சேர்ந்து, அணுவுக்குள் இருக்கும் துகள்கள் மோதிச் சிதறுவதைக் கணக்கிட்டிருந்தார்கள். சிகாகோவில் என்ரிகோ ஃபெர்மி சோதனையில் அளந்த எண்களோடு அது நன்றாகவே ஒத்துப்போனது. பெருமையோடு கிராஃபை எடுத்துக்கொண்டு ஃபெர்மியிடம் போனார் டைசன்.

ஃபெர்மி கிராஃபை லேசாகப் பார்த்துவிட்டு, குடும்பம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அப்புறம், இந்தக் கணக்கில் நீங்களாக வைத்துக்கொண்ட எண்கள் எத்தனை என்று கேட்டார். நான்கு என்றார் டைசன். என் நண்பர் ஃபான் நாய்மான் சொல்வார், நான்கு எண்கள் இருந்தால் ஒரு யானையையே வரைந்துவிடலாம், ஐந்தாவது கொடுத்தால் அது தும்பிக்கையையும் ஆட்டும் என்றார் ஃபெர்மி. அவ்வளவுதான். டைசன் நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறினார். பத்துப் பதினோரு வருஷம் கழித்து குவார்க் என்ற கருத்து வந்தபோதுதான் தெரிந்தது, அவர்கள் நம்பிய கோட்பாட்டில் விஷயமே இல்லை என்று. 2004-ல் இதையெல்லாம் டைசனே எழுதி, ஃபெர்மிக்கு நன்றி சொன்னார். பல வருஷ வீண் வேலை மிச்சமாயிற்றே!

இந்தக் கதையை எல்லோரும் யானையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, பஸ் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு நடந்தது. டைசன் மாணவர்களிடம் விஷயத்தைச் சொன்னார். ஆனால், அவர்கள் கணக்கை அப்படியே போட்டுவிடவில்லை. கட்டுரையில் பெயர் வந்தால்தான் மாணவர்களுக்கு எதிர்காலம். எனவே முழுசாக முடித்து, நீளமாக எழுதி, 'ஃபிஸிகல் ரெவ்யூ'வில் எல்லோர் பெயரோடும் பிரசுரித்தார்கள். பிறகு அவரவர் வேறு வேலை பார்க்கக் கலைந்தார்கள்.

இது நேர்மையா? நீங்களே சொல்லுங்கள். கணக்கில் பொய் இல்லை. ஆனால், இதனால் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தேதான் செய்தார்கள். நான் அந்த மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். டைசனால் அன்றைக்கே பஸ் ஏற முடிந்தது என்றால், அவருக்கு வேலை உறுதியாக இருந்தது. தப்பை ஒப்புக்கொள்ள அவருக்கு ஆன செலவு ஒரு டிக்கெட். மாணவருக்கு?

இங்கே ஜே.ஆர்.எஃப். வாங்கினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். பிறகு 42,000. எல்லாம் சேர்த்து ஐந்து வருஷம். அப்புறம் நின்றுவிடும். அது கிடைக்காதவர்கள் பாடு இன்னும் மோசம். வீட்டில் ஜாதகம் எடுத்துவிட்டார்கள், தம்பிக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். அந்த நிலைமையில், நாலாவது வருஷக் கடைசியில், ராத்திரி பதினோரு மணிக்கு, மண்டபத்துத் தகடு ஒரு எண்ணையும் கம்ப்யூட்டர் வேறு எண்ணையும் சொன்னால் ஒரு பெண் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்? உண்மையைச் சொல் என்று சொல்வது சுலபம். அதைச் சொன்ன பிறகும் அவளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறோமா?

என் அபிப்பிராயம் இது. 'இந்த மாடல் இந்த இடம் வரை சரி, இதற்கு மேல் தப்பு, காரணம் இது' என்று நிரூபித்துக் காட்டுகிறவருக்குத் தாராளமாகப் பட்டம் கொடுக்கலாம். பாலம் கட்டுகிறவருக்கு அழகான கோட்டைவிட அந்த எல்லைதான் உபயோகம். ஆனால், அதை ஏற்றுக்கொள்கிற கைடு வேண்டும். முதல் வருஷத்திலேயே 'இதில் நீயாக வைத்த எண் எத்தனை?' என்று கேட்கிற கைடு வேண்டும். ஐந்தாவது வருஷம் கேட்டால் அது கொடுமை.

அவளிடம் இதைத்தான் சொன்னேன். ''இன்டர்வியூவுக்குப் போறப்ப, 'உங்க ஸ்டூடன்ட்ஸ்ல யாராவது மாடல் தோத்துப்போயும் பட்டம் வாங்கியிருக்காங்களா சார்?'னு கேட்டுப் பாரு.''

''கேட்டா சீட் குடுப்பாங்களா மாமா?''

அதை நான் நாலு பேரிடம் விசாரிக்கவில்லை.