தேடலுக்கு வைத்த விலை

பெருந்துறைக்காரர்களுக்கு ஏலம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மஞ்சள் மூட்டைகள் இறங்கியிருக்கும். வியாபாரி ஒரு விரலியை எடுத்து ஒடித்து, உள்ளே நிறம் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார். ஆனி வாக்கில் நட்டு, தை மாசியில் வெட்டி, வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றிக் கொண்டுவந்த சரக்கு அது. அத்தனை பாட்டுக்கும் பிறகு வருவதுதான் ஏலம்.

பாடே படாமல் நேராக ஏலத்துக்குப் போக வழி இருந்தால் என்ன ஆகும்? ஒரு வீடியோ கேமில் அது நடந்தது.

2000-ஆம் ஆண்டு 'டயாப்லோ 2' வந்தது. குகைக்குள் இறங்கி அரக்கர்களை வெட்டினால் வாளோ கவசமோ மோதிரமோ விழும். பெரும்பாலும் உதவாத சாமான்தான். என்றைக்கோ ஒருநாள் அரிய பொருள் ஒன்று மின்னும். ஆட்டத்துக்குள் பொற்காசு உண்டு, அதை யாரும் மதிக்கவில்லை. 'ஸ்டோன் ஆஃப் ஜோர்டன்' என்ற மோதிரத்தையே ஆட்டக்காரர்கள் நாணயமாக்கிப் பண்டமாற்று செய்தார்கள். அந்த மோதிரத்தில் கள்ள நகல்கள் பெருகின. பிறகு மதிப்பு 'ரூன்' கற்களுக்குப் போனது. எந்த நிறுவனமும் திட்டம் போடாத ஒரு சந்தை, ஆடுகிறவர்கள் கையாலேயே உருவானது.

2012 மே மாதம் 'டயாப்லோ 3' வெளியானது. முதல் நாளிலேயே 35 லட்சம் பிரதிகள் போயின. விற்பனையில் அது தோற்கவே இல்லை. ஆனால் உள்ளேயே ஓர் ஏலக்கூடத்தைத் திறந்திருந்தார்கள். சில வாரங்களில் நிஜப் பணத்துக்கும் வாங்கலாம், விற்கலாம் என்றார்கள். வெளியே கள்ளச்சந்தையில் ஏமாறுகிறவர்களைக் காப்பாற்றும் எண்ணம்தான். விளைவோ வேறு. நல்ல வாள் வேண்டுமானால் குகையில் இறங்குவதைவிடப் பட்டியலைத் திறப்பது சுலபமாகிவிட்டது. வாங்கியாயிற்று, இனி எதற்காக இறங்குவது? ஆட்டத்தின் அடிப்படையையே ஏலம் குலைக்கிறது என்று அதைத் தயாரித்த பிளிசார்டு நிறுவனமே ஒப்புக்கொண்டு, 2014 மார்ச்சில் அதை மூடியது. மூடியபின் ஆட்டம் தேறியது உண்மை. ஆனாலும் 2021-இல் அதே நிறுவனம் இரண்டாம் பாகத்துக்குப் புதுமெருகு போட்டு மறுபடி விற்றது.

அடுத்தடுத்த பாகங்களில் அவசரத்தில் கெட்டவையும் உண்டு. 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' 2009 நவம்பரில் வந்தது, இரண்டாம் பாகம் 2011 மார்ச்சிலேயே வந்துவிட்டது. அதில் ஒரே குகை வேறு வேறு இடமென்று திரும்பத் திரும்ப வரும். நேரம் போதவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு முக்கியமாகப் படுவது 2002-இல் வந்த 'மாரோவிண்ட்'. போகிற இடத்தைக் காட்டும் குறி அதில் கிடையாது. ஆற்றோரமாகப் போ, பாலம் தாண்டிக் கிழக்கே திரும்பு என்று யாராவது சொல்வார்கள். கேட்டு, நினைவில் வைத்து, தொலைந்து, கண்டுபிடிக்க வேண்டும். 2006-இல் அதன் அடுத்த பாகமான 'ஆப்லிவியன்' திசைகாட்டியிலேயே குறியை வைத்துக் கொடுத்தது. அதன்பின் கண் குறியைத்தான் பார்த்தது, ஊரைப் பார்க்கவில்லை.

அப்படியானால் அதே குறியோடு 2011-இல் வந்த 'ஸ்கைரிம்' எப்படி இன்றும் நிற்கிறது? ஆட்டத்தை மாற்றிக் கட்டும் கருவியை அடுத்த ஆண்டே ஆட்டக்காரர்கள் கையில் கொடுத்தார்கள். அவர்கள் செய்ய அங்கே வேலை மிச்சம் இருந்தது.

பழையதை ஆடுவது வெறும் ஏக்கம் என்கிறார்கள். நான் ஏற்கமாட்டேன். 'டயாப்லோ 2' வந்தபோது பிறந்திராத பிள்ளைகளும் அதை ஆடுகிறார்கள். அவர்களுக்கு ஏங்க என்ன இருக்கிறது? பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தில் பாத்திரம் உருவாவதே ஆடுகிறவன் படும் பாட்டில்தான். அந்தப் பாட்டை வெறும் சுமை என்று எண்ணி இறக்கி வைத்தால், கூடவே பாத்திரத்தையும் இறக்கி வைத்துவிடுகிறோம். ஆடுகிறவனுக்கு மிஞ்சுவது வேடிக்கை பார்ப்பதுதான். ஒரே காட்சியை எத்தனை நாள் வேடிக்கை பார்க்க முடியும்?

'மாரோவிண்ட்' ஒரு தீவை மட்டுமே காட்டியது. அதற்கு அப்பால் உள்ள பெருநிலத்தை 'டாம்ரியல் ரீபில்ட்' என்ற ரசிகர் குழு இன்னும் ஊர் ஊராகக் கட்டிக்கொண்டிருக்கிறது. சம்பளம் இல்லை, இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவர்கள் கட்டிய ஊர்களிலும் வழி கேட்டுத்தான் போகவேண்டும்.