கசிவுக்கு யார் பொறுப்பு?

தீங்கு செய்யும் எண்ணமே இல்லாதவன் செய்த தீங்கு அவன் கணக்கில் சேருமா? இந்தியச் சமயங்கள் நெடுங்காலம் வழக்காடிய கேள்வி இது. மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சூத்திரத்தில் புத்தர், மனம், மொழி, மெய் மூன்றின் வினைகளில் மனத்தின் வினையே கனமானது என்கிறார். எதிரில் நின்ற நிகண்டர், அதாவது சமணர் தரப்பு உடலின் வினையைக் கனமாக வைக்கிறது. பின்னாளில் சமணரான உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்குத் தரும் இலக்கணம் இன்னும் கூர்மையானது. அசட்டையோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு நேர்வதே இம்சை என்கிறது அது. கொல்லும் எண்ணம் இருந்தாக வேண்டியதில்லை. பார்த்திருக்க வேண்டியதைப் பாராமல் விட்டதே போதும். இந்தப் பழைய வழக்கை இன்று நம் வீட்டு ஏ.சி.யின் அவுட்டோர் யூனிட் முன்னால் வைத்துப் பேச வேண்டியிருக்கிறது. குளிர்பதன வாயுக்கள் பற்றிய சட்டங்கள் உலகமெங்கும் மாறிவருகின்றன. வீட்டுக்காரரின் பொறுப்பு சட்டம் குறித்த தேதியில் தொடங்குகிறதா, விஷயம் தெரியவந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறதா? தெரியவந்த நாளில் என்பதே என் வாதம்.

முதலில் அந்த வாயுவைப் பார்ப்போம். ஏ.சி.க்குள் ஓடும் கேஸ் பெட்ரோலைப்போல எரிந்து தீர்வதில்லை. கம்ப்ரசருக்கும் செம்புக் குழாய்களுக்கும் நடுவே அது மூடிய வட்டத்தில் சுற்றுகிறது. அறையின் வெப்பத்தை ஆவியாகி வாங்கி, வெளியே திரவமாகி விடுகிறது. வட்டம் மூடியிருக்கும்வரை கேஸ் குறையாது. குறைந்தால் எங்கோ ஒரு மூட்டு கசிகிறது என்று பொருள். கசிந்தது எங்கே போகிறது? பழைய இயந்திரங்களில் இருக்கும் ஆர்-22 ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 1,810 கிலோ கரியமில வாயு செய்யும் வெப்பமூட்டலைச் செய்கிறது; ஓசோன் படலத்தையும் ஓரளவு அரிக்கிறது. அதற்கு மாற்றாக வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடுவதில்லை, ஆனால் வெப்பமூட்டுவதில் 2,088 என்ற எண்ணோடு ஆர்-22ஐயும் மிஞ்சுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வெளிவரும் கரியமில வாயு சுமார் 2.3 கிலோ. அந்தக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-410ஏ காற்றில் போவது ஏறக்குறைய 900 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். வருடாவருடம் ஏப்ரலில் மெக்கானிக்கை அழைத்து, கசிவைத் தேடாமல் கேஸ் மட்டும் நிரப்பிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் சாதாரணம். யாருக்கும் தீங்கு நினைக்காத வழக்கம்தான். தத்துவார்த்த சூத்திரம் அசட்டை என்று சொல்வதற்கு இதைவிடச் சரியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அறிவு வந்த நாளுக்கு ஏன் இவ்வளவு எடை கொடுக்கிறேன் என்பதை இந்த வாயுக்களின் வரலாறே சொல்கிறது. 1920களில் வீட்டுக் குளிர்ப்பெட்டிகளில் கந்தக டை ஆக்சைடும் மெத்தில் குளோரைடும் ஓடின. கசிந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கே ஆபத்து. அதைப் போக்கத்தான் 1928இல் தாமஸ் மிட்ஜ்லியும் அவர் குழுவினரும் குளோரோஃபுளூரோகார்பன்களைக் குளிர்பதனத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1930இல் அறிஞர்கள் கூடிய அவையில் மிட்ஜ்லி அந்த வாயுவை மூச்சில் இழுத்து, ஊதி ஒரு மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். நஞ்சும் இல்லை, தீயும் பற்றாது என்று நிரூபிக்க. அவர் இறந்தது 1944இல். அந்த வாயு மேலே போய் ஓசோனைத் தின்னும் என்று மோலினாவும் ரோலண்டும் ஆய்வுக்கட்டுரை எழுதியது 1974இல். மிட்ஜ்லியை இந்தக் குற்றத்தில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை; அவர் தேடிய இடத்தில் ஆபத்து இல்லை, ஆபத்து இருந்த இடத்தைத் தேட அன்று யாருக்கும் காரணம் இருக்கவில்லை. 1974க்குப் பிறகும் தயங்கியவர்கள் வேறு. 1985இல் அண்டார்டிகா மேலே ஓசோன் மெலிந்திருப்பதை ஃபார்மனும் அவர் சகாக்களும் அளந்து சொன்ன பிறகும் தயங்கியவர்கள் இன்னும் வேறு. வாயு ஒன்றேதான், செயலும் ஒன்றேதான். நடுவில் வந்து சேர்ந்த அறிவு அதன் கனத்தை மாற்றிவிட்டது. இந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியலில் உருவாகி, 1989இல் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பதினைந்து ஆண்டு இடைவெளியில் தெரிந்தே வெளியேற்றியதெல்லாம் சட்டப்படி சரி என்பதால் அறப்படியும் சரியாகிவிடாது.

நாம் இப்போது அதே போன்ற இடைவெளியில் இருக்கிறோம். 2016 அக்டோபரில் கிகாலியில் செய்த திருத்தம் ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற ஹைட்ரோஃபுளூரோகார்பன்களையும் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குள் கொண்டுவந்தது. இந்தியா 2021இல் அதை ஏற்றது. நமக்கான அட்டவணைப்படி 2028இல் இவற்றின் உற்பத்தியும் பயன்பாடும் உச்சவரம்பில் நிறுத்தப்படும். 2032இல் பத்து சதவீதம் குறைய வேண்டும். 2047இல் எண்பத்தைந்து சதவீதம். ஆர்-22 இன்னும் முன்னாலேயே விடைபெறுகிறது. அதை வைத்துப் புதிய இயந்திரம் செய்வது 2024 முடிவோடு நிறுத்தப்பட வேண்டும் என்பது இந்தியா ஏற்றிருந்த கெடு. அமெரிக்காவில் 2025 முதல் தயாராகும் புதிய வீட்டு ஏ.சி.களின் வாயுவுக்கு வெப்பமூட்டும் எண் 700ஐத் தாண்டக் கூடாது. இந்த வருடம் நாம் வாங்கும் ஸ்பிளிட் ஏ.சி. 2032இலும் சுவரில் இருக்க வாய்ப்புண்டு என்பதால், 2032இன் கேள்வியை நாம் இன்றைக்கே கடையில் வைத்துப் பதில் சொல்லிவிடுகிறோம்.

ஒரு வீட்டின் ஒரு கிலோ வாயு உலகத்தை என்ன செய்துவிடும் என்று கேட்பார்கள். புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் சந்தித்தது இதே சாக்கைத்தான். கொல்பவன் வேறு, நான் வாங்கி உண்பவன் மட்டுமே என்பவனுக்கு, உண்பதற்காக வாங்குவோர் இல்லையென்றால் விலைக்குத் தருவோரும் இல்லை என்று அவர் காட்டினார். வாங்குகிறவன் வினையின் சங்கிலிக்கு வெளியே நிற்பவன் அல்லன். ஏ.சி. சந்தையும் அப்படியே இயங்குகிறது. 2012இலேயே ஆர்-290, அதாவது புரொப்பேன், ஓடும் வீட்டு ஏ.சி.யை கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் எண் மூன்றைச் சுற்றியே இருக்கிறது. ஆர்-32இன் எண்ணோ 675. வாங்குவோர் எந்த வாயு என்று கேட்டால்தான் விற்பவர் பதில் வைத்திருப்பார்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பணக்கார நாடுகள் அரை நூற்றாண்டுக்கும் மேல் குளிர்ச்சியை அனுபவித்துவிட்டு, வெயிலில் வேகும் நாட்டவன் முதல் ஏ.சி. வாங்கும் நேரத்தில் அறம் பேசுவது நியாயமா? நியாயமில்லை, உடன்படிக்கையே அதை ஒப்புக்கொண்டுதான் வளரும் நாடுகளுக்குப் பின்னால் தேதி வைத்தது, மாற்றத்துக்கான செலவுக்கு நிதியமும் அமைத்தது. அனல் காற்று உயிரைக் குடிக்கும் ஊர்களில், வயதானவரும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில் ஏ.சி. வைப்பதை ஆடம்பரம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் நான் கேட்பது குளிர்ச்சியைத் துறக்கச் சொல்லி அல்ல. கசிவை அடைத்தால் யாருடைய அறையும் சூடாவதில்லை. மின் கட்டணம்கூடக் குறையும். பழியை மெக்கானிக் தலையில் ஏற்றுவதும் தவறு. மூன்றாவது மாடி விளிம்பில் கயிறு இல்லாமல் நின்று வேலை செய்பவருக்கு, நைட்ரஜன் அடித்துக் கசிவு தேடவும், வாக்குவம் போடவும், பழைய வாயுவைச் சிலிண்டரில் மீட்டெடுக்கவும் ஆகும் ஒரு மணி நேரத்துக்கு நாம் கூலி கொடுப்பதில்லை. கேஸ் நிரப்பும் விலையை மட்டும் பேரம் பேசுகிறோம். காற்றில் திறந்துவிடுவது அந்தப் பேரத்தின் விளைவு. அமெரிக்காவில் 1992 முதலே பழுது பார்க்கும்போது ஆர்-22ஐ வேண்டுமென்றே வெளியேற்றுவது சட்டவிரோதம். அந்த ஒழுக்கத்தை நாம் சட்டத்தின் கட்டாயம் இல்லாமலேயே கைக்கொள்ளலாம்.

இன்று நல்லது என்னும் வாயு நாளை கெட்டது ஆகாது என்பதற்கு என்ன உறுதி? எந்த உறுதியும் இல்லை. புதிய ஹைட்ரோஃபுளூரோஓலிஃபின்களில் சில காற்றில் சிதைந்து டிரைஃபுளூரோஅசிட்டிக் அமிலமாகின்றன. அது நீரில் எளிதில் அழிவதில்லை என்ற கவலை ஐரோப்பாவில் இப்போதே எழுந்திருக்கிறது. ஆர்-32 மெல்லத் தீப்பற்றும், ஆர்-290 நன்றாகவே பற்றும். இதனால்தான் நன்றாக ஓடும் இயந்திரத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்கும் அவசரத்தை நான் அறம் என்று கருதவில்லை. எறியப்படும் இயந்திரத்தின் வாயு பழைய இரும்புக்காரர் குழாயை வெட்டும் கணத்தில் முழுவதும் போய்விடும். ஆர்-22 இயந்திரத்தில் வேறு வாயுவை ஊற்றி ஓட்டுவதும் ஆபத்து. ஆர்-410ஏவின் அழுத்தம் ஆர்-22இன் அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல், புரொப்பேனோ தீப்பற்றும். நாளைய வாயு எதுவாக இருந்தாலும், கசியாத வட்டத்துக்குள் இருக்கும்வரை அது யாரையும் தொடாது. வாயுவின் தேர்வில் மனிதர் பலமுறை ஏமாந்திருக்கிறார்கள். கசிவைத் தடுத்தவர் எவரும் அதற்காக வருந்த நேர்ந்ததில்லை.

ஆகவே அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்துவையுங்கள். என்ன வாயு, எத்தனை கிராம் என்று அதில் இருக்கும். அடுத்த கோடையில் கேஸ் குறைந்திருக்கிறது என்று மெக்கானிக் சொன்னால், கசிவு எங்கே என்று கேளுங்கள். அதைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே நிரப்பச் சொல்லுங்கள், அந்த நேரத்துக்கான கூலியையும் சேர்த்துக் கொடுங்கள்.