நல்ல பசுவைக் கொடுப்போம்

இளைஞர்களே, ஒரு சின்னக் கணக்கு. உங்க வீட்டில் எத்தனை ரைஸ் குக்கர் இருக்கு? எத்தனை டிபன் கேரியர்? பதில் தெரியலைன்னா அம்மாவிடம் கேளுங்க. அவங்களுக்கும் சரியா தெரியாது!

ஸ்கூடாய் பக்கம் எந்தத் தாமானுக்குப் போனாலும், நம்மவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்டோர் இருக்கும். கல்யாணத்துக்கு வந்த சில்வர் பாத்திரங்கள், பெட்டி பிரிக்காத பிளெண்டர், 11.11 மலிவு விற்பனையில் வாங்கிய இன்னொரு பிளெண்டர். இருக்கிறதே மறந்துபோய், மூன்றாவதும் வாங்குவோம்.

பதஞ்சலியின் யோக சூத்திரம் ஐந்து யமங்களைச் சொல்கிறது. அதில் மூன்றாவது அஸ்தேயம், அதாவது திருடாமை. ஐந்தாவது அபரிகிரகம், தேவைக்கு மேல் சேர்த்து வைக்காமை. காந்தியடிகள் 1930இல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமத்தாருக்கு எழுதிய கடிதங்களில் இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார். தேவையில்லாததை வைத்திருப்பதும் ஒருவகைத் திருட்டுதான் என்பது அவர் கருத்து.

"எங்க காசுல வாங்கினதுதானே, எப்படித் திருட்டாகும்?" நியாயமான கேள்வி. சட்டப்படி திருட்டு இல்லைதான். ஆனா பத்து வருஷம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும் பிளெண்டர் யாருக்கும் பயன்படவில்லை. அதே தெருவில் புதுசா குடித்தனம் தொடங்கும் ஒருவர், கையில் இருக்கும் கொஞ்சக் காசில் அதையே கடையில் வாங்குகிறார். நம்மிடம் சும்மா கிடப்பது அவருக்குக் கிடைக்காமல் போகுது.

அதுக்காக உடனே கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு பாட்டி அறைக்குள் நுழைய வேண்டாம். தோட்டத்து லயன் வீட்டில் வளர்ந்தவங்களுக்கு ஒரு பிஸ்கட் டின்கூடச் சொத்து. அதில் அரிசி வைக்கலாம், ஊசி நூல் வைக்கலாம். இல்லாத காலத்தில் அது பேராசை இல்லை, புத்திசாலித்தனம். அந்தப் பழக்கத்தைக் கேலி செய்வது எளிமை ஆகாது. அவங்களைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தால், அஸ்தேயத்தை நாமே மீறுகிறோம்.

சரி, கொடுக்கத் தீர்மானிச்சாச்சு. எதைக் கொடுப்பது? இங்கேதான் கடோபநிஷதம் நமக்கு வழிகாட்டுது. நசிகேதனின் அப்பா பெரிய வேள்வி செய்து தானம் கொடுக்கிறார். கொடுத்ததோ பால் வற்றி, கன்று ஈனும் வயசு கடந்த கிழட்டுப் பசுக்கள். கூடியிருந்தவர்கள் மத்தியில் அதைக் கவனித்துக் கலங்கியவன் ஒரு சிறுவன். "என்னை யாருக்குக் கொடுக்கப் போறீங்க?" என்று அப்பாவையே கேட்கிறான். அந்தக் கேள்விதான் அவனை எமன் வாசல் வரை கொண்டுபோனது.

நம்ம வீட்டுத் தானமும் அப்படித்தானே நடக்குது? கைப்பிடி உடைந்த வாணலி, மூடி இல்லாத டப்பா, சாயம் போன சட்டை எல்லாம் ஆதரவற்றோர் இல்லத்துக்கு. நல்லது நமக்கு! இது தானம் இல்லீங்க, குப்பையை இன்னொருவர் வீட்டுக்கு இடம் மாற்றும் வேலை. உடைந்ததுக்கு வேற வழி இருக்கு. ஜொகூரில் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடும் விதி 2015 செப்டம்பர் 1இலிருந்தே நடப்பில் இருக்கு. மறுசுழற்சிக்குப் போகக்கூடியதை அங்கே அனுப்புங்க. போகிப் பண்டிகைன்னு பிளாஸ்டிக்கை எரித்து, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் புகை கொடுக்க வேண்டாம்.

வரும் பொங்கலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பமா உட்காருங்க. சமையலறையை மட்டும் எடுங்க. ஒரே வேலைக்கு இரண்டு சாமான் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வையுங்க. பெரியவங்களைப் பேச விடுங்க. எது யார் கொடுத்தது என்ற கதை வரும், கேளுங்க. சிலதை வைத்துக்கொள்ள அந்தக் கதையே போதுமான காரணம். மீதியில் ஒன்றைக் கொடுக்கலாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டால், இரண்டில் நல்லதைக் கொடுங்க. பழையதை நாம் வைத்துக்கொண்டு, அது தேயும்வரை பயன்படுத்துவோம்.

கை கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்தைத் தாண்டிக் கொடுப்பதுதான் அபரிகிரகம்.