திருமணமும் சமய நம்பிக்கையும்

திருமணம் என்பது ஆணும் பெண்ணும் இணையும் அறம் என்பதே சைவம், கத்தோலிக்கம், இஸ்லாம் ஆகிய மூன்றும் வழிவழியாகக் கற்பித்து வந்த போதனை. சைவ மணவறையில் அக்கினி சாட்சியாக இல்லறம் தொடங்குகிறது. கத்தோலிக்கருக்குத் திருமணம் ஏழு திருவருட்சாதனங்களுள் ஒன்று. வெள்ளவத்தைக் கோயில் மண்டபத்தில் தாலி ஏற்கும் பெண்ணும், கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயத்தில் மோதிரம் மாற்றும் இளைஞனும் தெய்வத்தின் முன் வாக்குக் கொடுக்கிறார்கள். பிறர் மீதுள்ள வெறுப்பு அந்த வாக்கில் எங்கும் இல்லை. ஆகவே, இப்போதனையைக் கைக்கொள்பவரை அந்தக் காரணத்துக்காகவே வெறுப்பாளர் என்று முத்திரை குத்துவது நியாயமன்று.

தன்பாலினத் திருமணம் பற்றிய விவாதம் சூடேறிய நாடுகளில் இந்த முத்திரை பலரின் வாழ்வைப் புரட்டியிருக்கிறது. பிரித்தானிய லிபரல் ஜனநாயகக் கட்சித் தலைவராக இருந்த டிம் ஃபாரனிடம், தன்பாலின உறவு பாவமா என்ற கேள்வி 2017 தேர்தல் காலம் முழுவதும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது. கட்சித் தலைமையையும் கிறிஸ்தவ விசுவாசத்தையும் சேர்த்துக் காப்பது தம்மால் இயலாது என்று கூறி அவர் பதவி விலகினார். பெல்ஃபாஸ்ட் நகரின் ஆஷர்ஸ் பேக்கரி 2014இல் தன்பாலினத் திருமணத்தை ஆதரிக்கும் வாசகம் எழுதிய கேக்கைச் செய்ய மறுத்து, நான்கு ஆண்டுகள் வழக்காடியது. 2018 ஒக்டோபரில் பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து அதற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். கேக் கேட்டவர் யார் என்பதற்காக மறுப்பு எழவில்லை, எழுதச் சொன்ன வாசகத்துக்காகவே எழுந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. மனிதரை ஒதுக்குவது வேறு, மனச்சாட்சிக்கு ஒவ்வாத கருத்தைச் சொல்ல மறுப்பது வேறு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும்.

இலங்கையில் நிலைமை மறுபக்கமாகச் சாய்ந்திருக்கிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையில் 365, 365அ ஆகிய பிரிவுகள் தன்பாலின உறவைக் குற்றமாக்கின. 1995 திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. இங்கே விவாதம் திருமணம் வரை வரவேயில்லை. சிறை வேண்டுமா என்ற கேள்வியோடு நிற்கிறது. இக்குற்றத்தை நீக்கும்படி பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த 2023இல் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாயின. சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்ற நீதிமன்றத் தீர்மானம் அவ்வாண்டு மே மாதம் பாராளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் அது நிறைவேறவில்லை. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்ததோடு அதுவும் போயிற்று. விசுவாசி தன் போதனைக்காக ஏளனத்துக்கு ஆளாவது உண்மை. அதே ஊரில் இன்னொருவர் தம் இயல்புக்காகப் பொலிஸுக்கு அஞ்சி வாழ்ந்திருப்பதும் உண்மை. முதலாவதைச் சொல்லும் வாய் இரண்டாவதையும் சொல்லியாக வேண்டும்.

பகைமை எங்கு கொண்டுபோய் விடும் என்பதைக் கொட்டாஞ்சேனை அறிந்த அளவுக்கு வேறு ஊர்கள் அறிந்திருக்காது. தண்டனைச் சட்டக் கோவை இயற்றப்பட்ட அதே 1883இல், உயிர்த்த ஞாயிறான மார்ச் 25ஆம் திகதி, மீகெட்டுவத்தே குணானந்த தேரரின் தீபதுத்தாராமய விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் கத்தோலிக்கரால் தாக்கப்பட்டு இரத்தம் சிந்தியது. வழிபடப் போனவர்களை வழிபட வந்தவர்களே அடித்தார்கள். 2019இல் இன்னோர் உயிர்த்த ஞாயிறன்று அருகிலுள்ள கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது; அடுத்த மாதமே, அதில் தொடர்பேதும் இல்லாத முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் வடமேல் மாகாணத்தில் தாக்கப்பட்டன. ஒரு கூட்டத்தை முழுதாக வெறுக்கப் பழகிய மனம் அடுத்த கூட்டத்தைத் தேடிக்கொள்கிறது. இன்று தன்பாலீர்ப்புடையோரை ஏசப் பழகுபவர் நாளை அயல் சமயத்தவரையும் ஏசுவார்.

சமயங்களின் சொந்தப் போதனையே இதற்கு வழி காட்டுகிறது. தன்பாலின உறவைத் திருச்சபை ஏற்பதில்லை. ஆனால் 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2358ஆம் பத்தி, அத்தகைய ஈர்ப்புடையோரை மரியாதையோடும் பரிவோடும் ஏற்கவும், அநீதியான பாகுபாட்டை விலக்கவும் பணிக்கிறது. சைவ சித்தாந்தத்தில் ஆண், பெண் என்ற பேதம் உடலுக்கு உரியது, ஆன்மாவுக்கு உரியதன்று. பாசத்தால் கட்டுண்ட எல்லா உயிர்க்கும் திருவருள் பொது. இவ்வளவையும் நம்புகிறவருக்குத் தம் திருமணச் சடங்கைத் தம் மரபுப்படி காக்கும் உரிமை உண்டு. இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் உறுதிசெய்கிறது. இங்கிலாந்தின் 2013ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம்கூட, தன்பாலினத் திருமணத்தை நடத்தி வைக்கும்படி எந்த மதகுருவையும் கட்டாயப்படுத்தவில்லை.

அந்த உரிமையைக் கேட்பவர்கள் அயலவரைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரத்தையும் சேர்த்துக் கேட்கலாகாது. ஏளனத்துக்கு ஏளனத்தால் பதில் சொல்லாமல், கேட்பவருக்குத் தம் போதனையைப் பொறுமையாக விளக்குங்கள். தம் இயல்பை வீட்டில் வாய்திறந்து சொல்லும் பிள்ளையை வாசலுக்கு வெளியே நிறுத்தாதீர்கள்.