தச்சுப் பட்டறையில் தொடங்கிய மருத்துவம்

ஸ்ரீபெரும்புதூர் அருகே மண்ணூரில் பிளஸ் டூ உயிரியல் பிரிவில் படிக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு ஒரகடம் பக்கத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. பிரஸ் ஷாப்பில் டை மாற்றுகிறவர். ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறுவாரம் இரவு ஷிப்ட். பெண் டாக்டராக வேண்டும் என்கிறாள். வீட்டில் யாரும் மறுக்கவில்லை. எந்தக் கோச்சிங்கில் சேர்ப்பது, பணத்துக்கு எங்கே போவது என்பதுதான் பேச்சு. "நோயாளி ஒருத்தர் பக்கத்துல கொஞ்ச நேரமாவது இருந்து பார்த்திருக்கியாம்மா?" என்று மட்டும் அவளை யாரும் கேட்பதில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். அந்த எண் ஒன்றுதான் மருத்துவக் கல்லூரியின் கதவைத் திறக்கும். பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸில் இருந்தாளா, பாட்டி படுக்கையில் கிடந்த நாட்களில் புண் வராமல் புரட்டிப் போட்டது யார், 108 ஆம்புலன்ஸ் வரும்வரை ரோட்டில் அடிபட்டவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளா என்பதையெல்லாம் எழுத அந்த விண்ணப்பத்தில் இடமில்லை. 2020-இல் தமிழக அரசு கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய வாசலைத் திறந்தது. அந்த வரிசையிலும் முன்னே நிறுத்துவது நீட் மதிப்பெண்தான்.

வேறு மாதிரி ஆள் எடுத்துப் பார்த்த இடம் வேலூரிலுள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி. எழுத்துத் தேர்வில் தேறியவர்களை வளாகத்துக்கு வரவழைத்து, சில நாள் தங்கவைத்து, பேசவிட்டு, சேர்ந்து வேலை செய்யவிட்டுக் கவனிப்பது அங்கே நெடுநாள் வழக்கமாக இருந்தது. நீட் கட்டாயமானபோது அந்தக் கல்லூரி நீதிமன்றத்துக்குப் போனது, 2017-இல் எம்.பி.பி.எஸ். படிப்பில் ஒரே ஒரு மாணவரைத்தான் சேர்த்தது. 2020 ஏப்ரலில், சிறுபான்மையினர் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நேர்முகத்தில் பாரபட்சம் நுழையலாம் என்பது நியாயமான அச்சம்தான். ஆனாலும், டாக்டராகப் போகும் பிள்ளை இன்னொரு மனிதரோடு எப்படிப் பழகுகிறது என்று பார்க்க நினைத்த ஒரு கல்லூரி நமக்கு அருகிலேயே இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். அங்கே மருத்துவக் கல்லூரிக்கான பொது விண்ணப்பத்தில், மாணவர் செய்த வெளி வேலைகளை எழுத 15 இடங்கள் உண்டு. மருத்துவமனையில் தொண்டு, டாக்டர் பின்னால் நடந்து பார்த்தது, ஆய்வகம், விளையாட்டு எல்லாவற்றையும் மணிக்கணக்கோடு எழுத வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணத் தொடங்கியதும் எதுவும் பந்தயமாகிவிடும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஏழை நாடுகளுக்கு விமானம் ஏறிப்போய், ஊசி பிடிக்கவே தெரியாத கையால் தையல் போட்டுப் பார்த்த கூத்தும் நடந்தது. பயிற்சியும் அனுமதியும் இல்லாமல் நோயாளியின் உடம்பில் கை வைக்கக் கூடாது என்று அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே வழிகாட்டுதல் வெளியிட வேண்டியிருந்தது. சம்பளத்துக்குப் போனால்தான் வீடு நடக்கும் என்ற நிலையில் இருக்கும் மாணவர், சம்பளமில்லாத தொண்டுக்கு மணி சேர்ப்பது எப்படி? ஆகவே அனுபவத்துக்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டால் போதும் என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் இந்த அனுபவம் எதற்கு? இதற்குப் பதிலாக ஒரு வாழ்க்கையையே சொல்லலாம். அதில் பெரும்பங்கு தமிழ்நாட்டில் நடந்தது.

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அங்கே மிஷனரிகள். அப்பா மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்ல. குறுகிய காலப் பயிற்சி ஒன்றை வைத்துக்கொண்டு மலைவாசிகளின் புண்களைக் கழுவி மருந்து போட்டவர். ரத்தமும் சீழுமாக அதைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு அருவருப்புதான் மிஞ்சியது. ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனான். மருத்துவம் வேண்டவே வேண்டாம் என்றான். தச்சு, கொத்து என்று கட்டட வேலையைச் சில ஆண்டுகள் முறையாகக் கற்றான். வீடு கட்டத் தெரிந்த மிஷனரியாக இந்தியா திரும்புவதுதான் திட்டம்.

வெளிநாடு போகிற மிஷனரிகளுக்காக அப்பா படித்த அதே மருத்துவப் பயிற்சி மகனுக்கும் வாய்த்தது. பயிற்சிக்காக லண்டன் மருத்துவமனை ஒன்றில் இருந்தபோது, விபத்தில் ரத்தமெல்லாம் இழந்து உயிரற்றவள்போல் கிடந்த ஓர் இளம்பெண்ணைக் கொண்டுவந்தார்கள். புட்டியிலிருந்து ரத்தம் ஏற ஏற, வெளுத்துப்போன உதட்டில் நிறம் திரும்பியது. அவள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். ரத்தத்தைக் கண்டு விலகி ஓடிய இளைஞர் டாக்டராகத் தீர்மானித்தது அதற்குப் பிறகுதான். மருத்துவமனைக்குள் கால் வைக்காமலே இருந்திருந்தால், சிறுவயது அருவருப்பே அவருடைய கடைசி முடிவாகியிருக்கும்.

1946-இல் அறுவை மருத்துவராக வேலூருக்கு வந்தார். மறுவருஷம் செங்கல்பட்டில் தொழுநோயாளிகள் தங்கியிருந்த மருத்துவமனைக்கு டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துப்போனார். மண்ணூருக்கும் செங்கல்பட்டுக்கும் அதிக தூரமில்லை.  அந்த மருத்துவமனையில் நோயாளிகளின் விரல்கள் கழுகின் நகம்போல உள்வாங்கி மடங்கியிருந்தன. அந்தக் கையால் சோறு பிசைய முடியாது, பட்டன் போட முடியாது. பிராண்ட் ஒருவரின் கைக்குள் தன் கையைக் கொடுத்து, அழுத்தச் சொன்னார். வலிக்கிற அளவுக்கு இறுக்கமாக இருந்தது பிடி. செத்துப்போன கை என்று எல்லோரும் கைவிட்டதில் இவ்வளவு பலமா? விரலை நிமிர்த்தும் சிறு தசைகள்தான் செயலிழந்திருந்தன. முன்கையின் தசைகள் நன்றாகவே இருந்தன. அப்படியென்றால் நல்ல தசையின் நாண் ஒன்றை எடுத்து வேறு வழியாகத் திருப்பி விரலில் இணைக்கலாம். அடுத்த ஆண்டே வேலூரில் அந்த அறுவைச் சிகிச்சை தொடங்கியது.

ஏடுகளில் படித்ததோடு, இந்தப் பார்வைக்குக் கட்டட வேலையும் காரணம் என்று நினைக்கத் தோன்றுகிறது. ஒரு தச்சர் பழைய கதவைப் பார்த்தால் எந்தச் சட்டம் இற்றுவிட்டது, எது இன்னும் தாங்கும் என்று தட்டிப் பார்ப்பார். மொத்தத்தையும் கழித்துக்கட்ட மாட்டார். பிராண்ட் 1951-இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்தில் தச்சு வேலை நேரடியாகவே பயன்பட்டது. குணமான கைகளுக்குத் தொழில் வேண்டுமே! நோயாளிகளுக்கு அவரே தச்சுக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுக்கும்போது உளியும் சுத்தியலும் உணர்ச்சியற்ற உள்ளங்கையில் எந்த இடத்தில் அழுத்துகின்றன, எங்கே கொப்புளம் வருகிறது என்று கண்ணெதிரே பார்த்தார். விரல்கள் நோயால் தானாக உதிர்வதில்லை. வலி தெரியாததால் பட்ட காயம்மேல் காயம்தான் அவற்றைத் தின்கிறது என்ற முடிவு மருத்துவ உலகத்துக்குக் கிடைத்ததில் அந்தப் பட்டறைக்கும் பங்கு உண்டு. சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவர்களுக்கு இன்று டாக்டர்கள் சொல்லும் கால் பராமரிப்பும் இதே அறிவின் தொடர்ச்சி.

கட்டட வேலை கற்ற அந்த ஆண்டுகளை வீணாய்ப் போன காலம் என்று யார் சொல்ல முடியும்?

இப்போது மண்ணூர்ப் பெண்ணிடம் வருவோம். தன்னிடம் எந்த அனுபவமும் இல்லை என்று அவள் நினைக்கக்கூடும். இருக்கிறது. அப்பாவின் சர்க்கரை மாத்திரைக் கவரில் 'காலை சாப்பாட்டுக்குப் பின், இரவு சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதித் தருகிறார்கள். இரவு ஷிப்டுக்குப் போகிற அப்பாவுக்கு எது காலை, எது இரவு? நள்ளிரவு தாண்டிக் கேன்டீனில் சாப்பிடுகிறார். விடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, ரெண்டு இட்லி சாப்பிட்டுத் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறார். சாயங்காலம் எழுந்தால் காபிதான். அந்த மாத்திரையை எப்போது போடுவது என்று குழம்பி, ஷிப்ட் மாறும் வாரங்களில் விட்டே விடுகிறார். ஓ.பி.யில் கூட்டம் நெருக்கும்போது டாக்டருக்கு இதைக் கேட்க நேரமிருக்காது. கேட்டாலும் "போடறேன் டாக்டர்" என்றுதான் பதில் வரும். இது வீட்டில் இருக்கிற பெண்ணுக்குத் தெரியும். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளின் நோய்க்கதை இதுதான். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதியின் தூக்கமும் பசியும் ஷிப்ட் மணிக்கு மாறிவந்திருக்கின்றன.

அப்பாவின் வேலையிடமே இன்னொரு பாடம். பிரஸ்ஸில் விரல் சிக்கித் துண்டாவது மோட்டார் உதிரிபாகத் தொழிலில் நாடெங்கும் நடக்கிற கொடுமை. துண்டான விரலை ஐஸ்கட்டிமேல் நேரடியாகப் போட்டு ஓடுவார்கள். அது திசுவைக் கெடுத்துவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக் கையைத் தூக்கி வைக்க வேண்டும். பதினேழு வயதுப் பெண் கற்றுக்கொண்டு, அப்பாவுக்கும் அவர் லைனில் நிற்பவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கக்கூடிய விஷயம் இது. டாக்டர் ஆர். வெங்கடசாமி சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவைக்கென்றே ஒரு துறையை வளர்த்தெடுத்த வரலாற்றை அவளுக்கு யாராவது சொன்னால், அப்பாவின் பிரஸ் ஷாப்புக்கும் தான் போக நினைக்கும் படிப்புக்கும் இடையில் ஒரு நேர்வழி தெரியும்.

நோயாளியின் அருகில் இருப்பதற்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊரிலேயே ஒரு பெண் தன்னார்வலர் வீடு வீடாகப் போகிறார். பி.பி. கருவி, சுகர் பார்க்கும் கருவி, மாத்திரைகள் எல்லாம் அவர் பையில் இருக்கும். அந்த அக்காவிடமும் சுகாதார நிலையத்திலும் கேட்டு, அனுமதித்தால் சில வீடுகளுக்குக் கூடப் போய்வரலாம். விரலின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துவார். அங்கே வலி குறைவு. சொட்டு ரத்தம் ஸ்ட்ரிப்பில் ஏறி எண் வருவதற்குள், "மருமக எப்படி இருக்கா, முழுகாம இருக்கான்னாங்களே" என்று ஒரு கேள்வி. அந்தப் பேச்சில்தான் போன மாதத்து மாத்திரை அட்டை இன்னும் பிரிக்காமலே கிடக்கும் செய்தி வெளியே வரும். ஊசி போடுவதையும் காயம் தைப்பதையும் மாணவி தொடக்கூடாது, தொடவும் அவசியமில்லை. சீட்டைப் படித்துச் சொல்வது, லேப் எந்தப் பக்கம் என்று கூட்டிப்போவது, காது கேட்காத பெரியவருக்கு டாக்டர் சொன்னதைத் திரும்பச் சொல்வது போதும். நோயாளி தன் வேதனையைப் பார்க்க இடம் கொடுக்கிறார். பதிலுக்கு மாணவியிடம் கொடுக்க இருப்பது நேரம் மட்டும்தான். டாக்டர்களிடமும் நர்சுகளிடமும் மிகவும் குறைவாக இருப்பதும் அதுதான். அங்கே செல்போனை வெளியே எடுத்துப் படம் பிடிப்பதைப் போன்ற அநாகரிகம் வேறில்லை.

கல்லூரியில் சேர்ந்த பிறகு இதற்கு முறையான ஏற்பாடு வந்திருக்கிறது. 2021-22இல் சேர்ந்த மாணவர்கள் தொடங்கி, எம்.பி.பி.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து போய்வர வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதித்தது. பதிவேட்டை நிரப்பக் கூட்டமாகப் போய்க் கூட்டமாகத் திரும்பினால் இதுவும் ஒரு சடங்காகிவிடும். தண்டலத்திலும் பூந்தமல்லி பக்கமும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சுற்றிலும் ஷிப்ட் தொழிலாளர் குடும்பங்கள். பகலில் போகும் மாணவருக்குத் தூங்கிக்கொண்டிருக்கும் நோயாளிதான் கிடைப்பார். அவர் எழும் நேரத்துக்குப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்வதே இந்த வட்டாரத்தில் முதல் சமூக மருத்துவப் பாடம்.

மேல்நிலைப் பள்ளித் தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங் எடுத்த பிள்ளைகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். மார்க் குறைந்தவர்கள் சேரும் குரூப் என்று அவர்களை ஒதுக்கிப் பேசுகிறோம். உண்மையில் படுக்கை விரிப்பது, நாடி பார்ப்பது, கட்டுக் கட்டுவது என்று உயிரியல் குரூப் பிள்ளை பல ஆண்டு கழித்துத் தொடப்போவதை அவர்கள் பதினாறு வயதிலேயே பாடமாகப் படிக்கிறார்கள். மண்ணூர்ப் பெண் அவர்களில் ஒருத்தியைத் தோழியாக்கிக்கொண்டால் நிறையக் கற்கலாம். நீட்டில் இடம் கிடைக்காமல் போனால் நர்சிங், பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன், 108-இல் அவசர மருத்துவ உதவியாளர் என்று நோயாளியின் பக்கத்தில் நிற்கும் வேலைகள் வேறு பல இருக்கின்றன என்பதும், அவை இரண்டாம்தர வேலைகள் அல்ல என்பதும் அப்போது அவளுக்குத் தன்னாலேயே விளங்கும். 'நீட் போனால் எல்லாம் போச்சு' என்று பிள்ளைகள் உடைந்துபோகிற இந்தக் காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

கோச்சிங் ஓட்டத்துக்கு நடுவில் இதற்கெல்லாம் ஏது நேரம் என்று பெற்றோர் கேட்பார்கள், நியாயமான கேள்வி. வழக்கமாக மே முதல் வாரத்தில் நீட் முடிகிறது. கலந்தாய்வு தொடங்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. அந்த இடைவெளியில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் நடத்துவதுபோன்ற முதலுதவி வகுப்பு ஒன்றில் சேரலாம். சுகாதார நிலையத்தில் அனுமதி கேட்டு, வாரத்தில் ஒரு காலைப்பொழுது ஓ.பி. வரிசையில் வயதானவர்களுக்குத் துணையாக நிற்கலாம். அப்பாவுக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், கே.கே.நகரில் உள்ளது போன்ற ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிகளில் காப்பீட்டுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. அதற்கான சான்றிதழையும் அதே மாதங்களில் விசாரித்து வாங்கி வைத்துவிடலாம்.