இருக்கையும் இறுமாப்பும்

"யாரைக் கேட்டு உட்கார்ந்தாய்? இறங்கு கீழே!"

சென்ற திங்கள் ஒரு மாலை, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய சாலையில், தேநீர்க் கடை ஒன்றின் எதிரே, இப்படி ஒரு குரல் எழுந்தது. குரலுக்கு உரியவர் ஆண்டையும் அல்லர், மிராசுதாரும் அல்லர். வகுப்பறையில் பிள்ளைகளுக்குச் சமத்துவம் போதிப்பவர். மேடையேறிச் சுயமரியாதை பற்றிப் பேசிக் கைத்தட்டல் பெற்றவர். வேறு யார்? நாமேதான்!

நிறுத்தி வைத்திருந்த நம் மோட்டார் சைக்கிளின்மீது ஒருவர் அமர்ந்திருந்தார். ஐம்பதைக் கடந்த வயது. மீன்கூடை சுமப்பவர். லுங்கியிலே செதில்கள் ஒட்டியிருந்தன. நமது குரல் கேட்டதும் பதறி எழுந்தார். "மன்னிச்சுக்க சார், விடியக்காலைலேர்ந்து நின்னுக்கினே இருக்கேன், கால் கடுத்துப்போச்சு" என்றார். அத்துடன் நின்றாரா? இல்லை. தோளிலே கிடந்த துண்டை எடுத்து, தாம் அமர்ந்த இடத்தை அழுத்தித் துடைத்துவிட்டுச் சென்றார்.

துண்டைத் தோளில் போடும் உரிமைக்காக இந்நாட்டிலே எத்தனை பேர் அடிபட்டனர் என்பதை நாம் அறிவோம். அந்தத் துண்டு, நம் வண்டியைத் துடைக்கும் துணியாயிற்று. அன்றிரவு உறக்கம் வரவில்லை. தவறு யாருடையது என்ற கேள்வி நம்மைக் குடைந்தது.

நம் பக்கமும் நியாயம் உண்டு, அதை மறைப்பானேன்? வண்டி நம்முடையது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து மாதந்தோறும் தவணை கட்டி வருகிறோம். ஏறத்தாழ 190 கிலோ எடையுள்ள வண்டி, பக்கத் தாங்கியிலே சாய்ந்து நிற்கிறது. ஒருவர் ஏறி அமர்ந்து அசைந்தால் தாங்கி வளையக்கூடும், வண்டி கவிழக்கூடும், சூடான புகைக்குழாய் பட்டு அமர்ந்தவரின் காலே வெந்து போகவும் கூடும். பிறர் பொருளை அவர் இசைவின்றிப் பயன்படுத்தலாகாது என்பது ஒழுக்கத்தின் அரிச்சுவடி.

சட்டமும் இதைப் பேசுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஆம் பிரிவு, உரிய அதிகாரமோ தக்க காரணமோ இன்றி, நிற்கும் வாகனத்தில் ஏறுவதையும், அதை நகர்த்துவதையும், அதன் கருவிகளில் கைவைப்பதையும் குற்றம் என்கிறது. 100 ரூபாய் வரை என்றிருந்த அபராதம், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 1,000 ரூபாயாயிற்று. ஆனால் அதே பிரிவில் 'தக்க காரணம்' என்றொரு சொல் இருக்கிறதே, தோழர்களே! விடியற்காலை முதல் நின்று கடுத்த கால், தக்க காரணம் ஆகுமா, ஆகாதா? வழக்கறிஞர்கள் வாதிடட்டும். நாம் கேட்பது வேறு: நம் சினம் எங்கிருந்து பிறந்தது?

இதற்கு விடை, அதற்கு இரண்டு வாரம் முன்பே கிடைத்திருந்தது. அதே வண்டி, இராயபுரத்தில் ஒரு வங்கியின் வாயில். வெள்ளைச் சட்டையும் பளபளக்கும் காலணியும் அணிந்த ஒருவர் அதன்மேல் அமர்ந்து கைபேசியிலே பேசிக்கொண்டிருந்தார். அவரிடம் நாம் என்ன சொன்னோம்? "சார், வண்டியை எடுக்க வேண்டும், கொஞ்சம் எழுந்துகொள்கிறீர்களா?" என்றோம். அவர் எழுந்தார், நாம் நன்றியும் சொன்னோம்!

ஒரே வண்டி. ஒரே செயல். ஒரே இழப்பு, அல்லது இழப்பின்மை. அவருக்குச் 'சார்', இவருக்கு 'நீ'யா? அவருக்கு வேண்டுகோள், இவருக்குக் கட்டளையா? பொருளுக்கு நேரும் கேடுதான் நம் கவலை என்றால், இருவரிடமும் ஒரே சொல்லன்றோ பேசியிருக்க வேண்டும்? ஆகவே, சினத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு இருக்கின்றன. ஒன்று உரிமை. மற்றொன்று தீட்டு. உரிமை என்னும் நல்லாடையைப் போர்த்திக்கொண்டு, தீட்டு என்னும் பழைய பேய் நம் தொண்டையிலே பேசியிருக்கிறது.

உடைமை எப்படிப் பிறக்கிறது என்று 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில அறிஞர் ஜான் லாக் ஆராய்ந்தார். மனிதன் தன் உழைப்பைப் பொருளோடு கலக்கும்போது அது அவனுடையதாகிறது என்றார். நம் வண்டியின் கதை என்ன? 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரிலே ஆலை எழுந்தது. இந்த வட்டாரத்துத் தொழிலாளரின் வியர்வை அந்த இரும்பிலே கலந்தது. கூலி கொடுத்தாயிற்று, விலை கொடுத்தாயிற்று, எனவே உடைமை நமது என்பதை ஒப்புவோம். ஆனால், அதை உருக்கி வார்த்து முறுக்கியபோது தீட்டாகாத தொழிலாளியின் உடல், அதன்மேல் சற்று அமர்ந்தவுடன் தீட்டாகிவிடும் விந்தை என்ன?

'கற்பனையை வளர்க்கிறீர்' என்போர்க்கு இரு செய்திகள். 2020 சூலையில், கர்நாடகத்தின் விசயபுர மாவட்டம் மினாஜகி என்னும் ஊரில், ஆதிக்க சாதிக்காரர் ஒருவரின் மோட்டார் சைக்கிளில் கைபட்டுவிட்டது என்பதற்காக, ஒரு தலித் இளைஞர் ஆடை களையப்பட்டு அடிக்கப்பட்டார். அமரவில்லை, கைதான் பட்டது! வேற்று மாநிலம்தானே என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. 2025 பிப்ரவரியில், நம் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டிச் சென்ற தலித் கல்லூரி மாணவர் கைகளில் அரிவாளால் வெட்டப்பட்டார், 'இவன் புல்லட் ஓட்டுவதா' என்ற சாதி வெறியே காரணம் எனக் குடும்பத்தார் புகார் கூறினர், மூவர் கைதாயினர். அங்கே வண்டி பிறருடையதன்று. ஆகவே, பிறர் வண்டியைத் தொட்டாலும் குற்றம். தன் வண்டியில் அமர்ந்தாலும் குற்றம்! உடைமையுரிமைதான் காரணம் என்றால் இரண்டாவது வெட்டு ஏன் விழுந்தது?

நாம் அடிக்கவில்லை, வெட்டவில்லை. உண்மை. ஆனால் அரிவாளுக்கு முன்னே சொல் பிறக்கிறது. 'நீ இறங்கு' என்பது அந்தச் சொற்களுள் ஒன்று.

அப்படியானால் ஏழை எவரும் எவர் வண்டியிலும் ஏறி அமரலாம் என்பதா நம் முடிவு? இல்லை. வைக்கத்திலே 1924இல் கேட்டது தெருவில் நடக்கும் உரிமை. தெரு பொது, வண்டி தனி. மேலும், இசைவு என்னும் வேலியைப் பிடுங்கி எறிந்தால் முதலில் இழப்பவர் யார்? காசிமேட்டிலே ஒரு தொழிலாளி மீன்பாடி வண்டியை நிறுத்திவிட்டு நிற்கிறார். அதிகாரத்திலுள்ள ஒருவர், கேளாமலே அதன்மேல் சாய்ந்து அமர்கிறார். 'எழுந்திருங்கள்' என்று சொல்லும் துணிவு அந்தத் தொழிலாளிக்கு வேண்டாமா? அந்தத் துணிவுக்குப் பெயர்தான் உரிமை. அது நமக்கு எவ்வளவோ அவ்வளவு அவருக்கும். எனவே விதி எளியது: கேட்டு அமர்க, கேளாது அமர்ந்தவரிடம் சொல்லும்போது, ஆளை மாற்றி வைத்துப் பார்த்து, அதே சொல் வருமானால் பேசுக.

இன்னொன்றும் எண்ணவேண்டும். அவர் ஏன் வண்டியைத் தேடினார்? அமர வேறிடம் இல்லை! இராயபுரம் முதல் எண்ணூர் வரை சரக்குப்பெட்டி லாரிகள் வரிசை கட்டி நிற்க இடமுண்டு. அவற்றுக்கும் மீனுக்கும் முதுகு கொடுப்போர் அமர ஒரு பலகை காண்பது அரிது. 2021இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம், கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர் அமர இருக்கை தரவேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. நன்று. ஆனால் தெருவே தொழிற்சாலையாகிய சுமைத் தொழிலாளிக்கு அந்த நாற்காலி எட்டவில்லை. இந்நாட்டிலே அமர்தல் சிறிய செயலன்று, தோழர்களே! 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், மக்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரையே, அவர் தலித் பெண் என்பதால் தரையிலே அமர்த்தினர், மற்றவர் நாற்காலியில் இருக்க! யார் எதில் அமரலாம் என்பதிலேதான் சாதி தன் கணக்கை எழுதி வைத்திருக்கிறது.

நான்கு நாள் தேடி அந்தப் பெரியவரைக் கண்டோம். "அன்று நாங்கள் பேசிய முறை தவறு ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றோம். அவர் கூச்சத்தோடு சிரித்தார். "வண்டி உன்னோடது சார், ஏந்திரின்னு சொன்னது நாயம்தானே" என்றார். நம் உரிமையை அவர் மறுக்கவே இல்லை. அவர் மதிப்பைத்தான் நாம் மறுத்திருந்தோம்.

தேநீர்க் கடைக்காரரிடம் பேசி, நண்பர் மூவர் சேர்ந்து, அங்கே ஒரு மரப்பலகை போட்டிருக்கிறோம். அதனால் சாதி ஒழிந்துவிடாது, அறிவோம். ஆயினும், மேடையிலே முழங்குவது எளிது. தெருவிலே, நம் பொருளை ஒருவர் தொட்ட அந்த நொடியில், நம் நாவு எப்படிப் புரள்கிறது என்பதே தேர்வு. முதல் தேர்வில் நாம் தோற்றோம். தோழர்களே, நீங்கள்?