அங்குசமும் யானையும்

நியாய சாஸ்திரக்காரர் அறிவின் வாயில்களைப் பிரத்தியட்சம் (நேர்காட்சி), அனுமானம் (ஊகம்), உபமானம் (ஒப்புமை), சப்தம் (சொல்) என நான்காக வகுத்து, சப்தம் பிரமாணமாவது சொல்பவன் ஆப்தனாக, அதாவது நம்பத்தக்கவனாக, இருந்தால் மட்டுமே என்று நிபந்தனையும் விதித்தனர். இக்காலத்து ஆப்தரோ தம் சொல்லைப் பிறர் சோதித்துப் பார்க்கவும் வழிவிட வேண்டும். 2019 ஏப்ரல் 10 அன்று எம்87 விண்மீன் மண்டலத்துக் கருந்துளையின் நிழலுருவை உலகுக்குக் காட்டிய வானியலார், அதை வரைந்த மென்பொருளின் மூல நிரலை யாவரும் எடுத்தாளும்படி வெளியிட்டார்கள். ஆயின் 2017-ல் எட்டுத் தொலைநோக்கிகள் திரட்டிய மூலத்தரவோ பெட்டாபைட் கணக்கில் பெருகி, இணையக் கம்பிக்குள் அடங்காமல், வன்தட்டுகளாக விமானமேறிற்று. தென்துருவத்துத் தட்டுகள் அங்கே குளிர்காலம் கழியும்வரை காத்துக் கிடந்தன. நிரலை வைக்கும் கிட்ஹப் கோப்பொன்றுக்கு 100 மெகாபைட் என எல்லை கட்டுகிறது. ஐரோப்பிய அணு ஆய்வகமான செர்ன் 2013-ல் தொடங்கிய தரவுக் களஞ்சியமான செனோடோவோ பதிவொன்றுக்கு 50 கிகாபைட் வரை இடங்கொடுக்கிறது. யானையைக் கொடுத்தவன் அங்குசத்துக்கு வழக்காடியது பழங்கதை. இங்கே அங்குசத்தைத் தாராளமாகக் கொடுத்தவன், யானை வாசலில் நுழையவில்லையே என்று கைபிசைகிறான்.

ஆகவே பொதுவில் வந்தது, ஒப்பிட்டும் திருத்தியும் சுருக்கிய சிறு தரவே. அதைக் கொண்டு ஜப்பானிய ஆய்வாளர் சிலர் 2022-ல் வேறோர் உருவத்தைக் கண்டதாகக் கூற, முதற்குழுவினர் அதை மறுத்தனர். அத்தகைய விவாதம் எழ முடிந்ததே தானத்தின் பயன் என்பேன். எனினும், சலித்தெடுத்த தரவைப் பிரத்தியட்சமென்பதா, சலித்தவருடைய அனுமானமென்பதா என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை. சலிக்கும் விதியையும் அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், ஆனால் சலிக்கப்படாத தானியக் குவியலை நம்மில் யார் வீட்டில் கொட்டி வைப்பது?